ஏழாவது நரம்பின் கன்னக் கிளை

மே 14

விடைத்தாள் திருத்தம். மண்டை நரம்புகள் பன்னிரண்டையும் வரிசையாக எழுதச் சொன்னால் ஒரு மகானுபாவன் பதினான்கு எழுதியிருக்கிறான். தாராள மனசு. இன்னொருத்தி, தண்டுவட நரம்புகள் முப்பத்தொரு ஜோடி என்பதில் ஜோடியை விட்டுவிட்டு, மனிதனுக்கு ஒரு பக்கம் போதும் என்று முடிவு செய்திருக்கிறாள். இவர்கள்தான் நாளைக்குக் கத்தி எடுக்கப் போகிறார்கள். பாளையங்கோட்டையில் ஆயுள் காப்பீட்டு ஏஜெண்டுகள் நன்றாகப் பிழைப்பார்கள்.

மத்தியானம் என் மனைவி வடிவின் தங்கை காந்திமதி வந்திருந்தாள். ஆவணியில் மகன் கல்யாணம், அதற்குப் புடவை பேச வந்தவள். போகிற போக்கில், "அத்தான், அக்காவுக்குக் காதுக்குக் கீழ ஒரு வீக்கம் இருக்கே, பாத்தீங்களா?" என்றாள். வடிவைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்த்தேன். இடது காது மடலுக்குக் கீழே, நெல்லிக்காய் அளவு. அசைகிறது, வலியில்லை. பரோட்டிட் சுரப்பி, அதாவது தாடை ஓரத்தில் எச்சில் சுரக்கிற சுரப்பி. ஒரு வருடமாக இருக்கிறதாம்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேன்லா. நீங்க பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தீங்க. உம்னீங்க."

நான் உம் என்று சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள்வாள். கட்டியை ஞாபகப்படுத்த மாட்டாள்.

மே 17

ஊசி டெஸ்ட் முடிவு வந்தது. புற்று இல்லை. ஆனால் விட்டு வைக்கக் கூடாது, எடுத்தாக வேண்டும்.

சிக்கல் கட்டியில் இல்லை, இடத்தில் இருக்கிறது. முகத்தின் எல்லா அசைவுக்கும் பொறுப்பான ஏழாவது மண்டை நரம்பு, காதுக்குப் பின்னால் எலும்பிலிருந்து வெளியே வந்து நேரே இந்தச் சுரப்பிக்குள்தான் நுழைகிறது. உள்ளே ஐந்தாகப் பிரிந்து நெற்றிப்பொட்டு, கண், கன்னம், தாடை, கழுத்து என்று போகிறது. கட்டியை எடுக்கிறவன் கை தவறினால் அந்தப் பக்க முகம் போச்சு. கண் மூடாது, வாய் கோணும், குடிக்கிற தண்ணீர் ஒழுகும்.

இதை வடிவுக்குக் காலண்டரின் பின்பக்கம் படம் போட்டு, மூளைத் தண்டிலிருந்து தொடங்கி முறையாக விளக்கினேன். முதலாண்டு மாணவனுக்குக் கூட இவ்வளவு பொறுமையாகச் சொன்னதில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "வாய் கோணிப் போயிருமா?" என்றாள். மறுபடியும் தொடக்கத்திலிருந்து சொன்னேன். மறுபடியும் அதையேதான் கேட்டாள். சில பேருக்குக் கேள்வி ஒன்றுதான்.

மே 21

யார் அறுப்பது என்று வீட்டில் விவாதம். நான் சென்னையில் இரண்டு பேரை யோசித்து வைத்திருந்தேன். இரண்டு பேருமே மூடர்கள்தான், ஆனால் பெயர் பெற்ற மூடர்கள். வடிவு உள்ளூரிலேயே செல்வின் போதும் என்கிறாள். செல்வின் ஞானராஜ் என்னிடம் படித்தவன். முதலாண்டு வாய்மொழித் தேர்வில் கழுத்துப் பகுதியைக் கேட்டேன், என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஃபெயில் போட்டு ஆறு மாதம் பின்னால் தள்ளினேன். இப்போது ஜங்ஷன் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைக்காரனாக இருக்கிறான். காலம் யாரை எங்கே கொண்டு வைக்கிறது பாருங்கள்.

அவனிடம் ஒரு தடவை காட்டி வந்திருக்கிறாள், காந்திமதியோடு, எனக்குத் தெரியாமல்.

"அந்தத் தம்பி என் மூஞ்சியப் பாத்துப் பேசுதான். நீங்க கட்டியப் பாத்துப் பேசுதீங்க."

கட்டிக்கு வைத்தியம் செய்கிறவன் கட்டியைத்தானே பார்க்க வேண்டும். விவாதம் அத்தோடு முடிந்துவிட்டது. முடித்தது நான் இல்லை.

மே 23

செல்வினைப் பார்த்தோம். தொந்தி போட்டிருக்கிறான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான், அந்த அளவுக்குப் படிப்பு ஏறியிருக்கிறது.

வடிவிடம், "அம்மா, நரம்பைக் காப்பாத்திருவோம். கொஞ்ச நாள் சோர்ந்து இருக்கலாம், வந்துரும். ஆனா காது மடல் மரத்துப் போயிரும். அதுக்குப் போற நரம்பு வழியில குறுக்க கெடக்கு, அதை வெட்டித்தான் ஆகணும். தோடு போட்டா தெரியாது" என்றான்.

காது மடலின் உணர்வுக்குப் பொறுப்பு முகத்தின் நரம்பு இல்லை, கழுத்திலிருந்து வரும் இரண்டாம் மூன்றாம் தண்டுவட நரம்புகளின் கிளை. அதை அவன் சொல்லவில்லை. நான் சொன்னேன். கூடவே, ஏழாவது நரம்பின் தண்டைக் கண்டுபிடிக்க அடையாளங்கள் என்னென்ன என்று கேட்டேன். இரண்டு சொன்னான், மூன்றாவது வரவில்லை.

"படிச்சதெல்லாம் மறந்துட்டு சார். உள்ள போனா கண்டுபிடிச்சிருவேன்."

இதைச் சொல்லிச் சிரிக்க வேறு செய்கிறான். வடிவும் சிரித்தாள். அறுவையின்போது நான் பக்கத்தில் இருப்பேன் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் யோசித்தான். "வாங்க சார்" என்றான். வராதே என்று சொல்லும் தைரியம் அவனுக்கு இன்னும் இருபது வருடம் கழித்துத்தான் வரும்.

மே 26

ஞாயிறு. கல்லூரி டிசெக்ஷன் ஹாலைத் திறக்கச் சொல்லி, ஒரு பிணத்தின் முகத்தில் இடது பக்கத்தை முழுக்க நானே பிரித்தேன். தோலை விலக்கி, கொழுப்பை எடுத்து, சுரப்பியைத் துண்டு துண்டாகக் கிள்ளி, தண்டு, பிரிவு, ஐந்து கிளைகள். ஒன்றுகூட அறுபடவில்லை. ஃபார்மலினில் ஊறிய நரம்பு வெளுத்து விறைப்பாக, பிடித்தால் நிற்கிறது. ரத்தம் இல்லை, அவசரம் இல்லை, யாரும் குறுக்கே பேசுவதில்லை. உடற்கூறு என்பது இதுதான். மற்றதெல்லாம் கசாப்பு.

செல்வினை வந்து பார்க்கச் சொல்லி ஆள் அனுப்பினேன். அவனுக்கு ஓ.பி.யாம்.

வீட்டுக்கு வந்து கையைக் கழுவாமல் சோற்றுப் பானையைத் திறந்தேன் என்று வடிவு சத்தம் போட்டாள். கழுவினேன். அந்த வாடை போகவில்லை என்கிறாள். எனக்கு எந்த வாடையும் தெரிவதில்லை.

மே 31

நாளை காலை அறுவை. வாஷிங் மெஷின் ரிப்பேர்காரன் இன்றும் வரவில்லை. வடிவு ஒரு வாரத்துக்கு வேண்டிய சாம்பார்ப் பொடியை டப்பாவில் போட்டு, எது எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டினாள். நிறைய நேரம் கண்ணாடி முன்னால் நின்றாள். என்ன பார்க்கிறாய் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, பாத்துக்கிடுதேன்" என்றாள்.

ஜூன் 1

பச்சை அங்கி கொடுத்துத் தலைமாட்டில் நிற்க விட்டார்கள். முகமூடி போட்டதும் மூக்குக்கண்ணாடி மூடுபனி ஆகிவிட்டது. ஏசி போதாது, எனக்கு வியர்த்துக்கொண்டே இருந்தது. விளக்கு ஒரே இடத்தில்தான் அடிக்கிறது. எல்லாம் சிவப்பு, எல்லாம் ஈரம். துடைத்த இடத்தில் மறுபடியும் ரத்தம் கசிகிறது. இப்படி ஒரு மேஜையை என் ஹாலில் எவனாவது வைத்திருந்தால் வெளியே அனுப்பியிருப்பேன்.

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். பின்னால் ஆளுக்கொன்று பேசக்கூடும்.

செல்வின் ஆழத்துக்குப் போனதும், "இந்த இடத்துலதான் சார் இருக்கணும்" என்றான். வெள்ளையாகத் தடித்து ஒன்று தெரிந்தது. "அதுதான் தண்டு, அதைப் பிடிச்சுக்கிட்டுப் போ" என்றேன். அதற்கு மேலே, நூல் கனத்தில் இளஞ்சிவப்பாக ஒரு இழை குறுக்கே கிடந்தது. அவன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். நேரம் போய்க்கொண்டிருந்தது. "அது வெறும் ஜவ்வு. வெட்டித் தள்ளு" என்றேன்.

"சரி சார்" என்று இடுக்கியால் அந்த இழையைப் பிடித்துத் தூக்கினான். கத்தரியைக் கொண்டுபோனான். கொண்டுபோனவன் நின்றுவிட்டான். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, தியேட்டர் சிஸ்டரிடம் பேனா போன்ற ஒரு கருவியை வாங்கினான். லேசாக மின்சாரம் பாய்ச்சிப் பார்க்கிற சாமான், தொட்டது நரம்பு என்றால் அது போகிற தசை அசையும். நான் தண்டு என்று சொன்னதைத் தொட்டான். ஒன்றும் இல்லை. நான் ஜவ்வு என்று சொன்னதைத் தொட்டான்.

மயக்கத்தில் கிடந்த வடிவின் இடது கன்னம் துள்ளியது.

ஜெபமணி என்ற அந்த சிஸ்டர் முகமூடிக்கு மேலே என்னைப் பார்த்தாள். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "சார், இப்படி உக்காருங்க" என்றாள். ஸ்டூல் சுவர் ஓரத்தில் இருந்தது. மீதியை அங்கிருந்து பார்த்தேன், அதாவது செல்வினின் முதுகைப் பார்த்தேன்.

நரம்புக் கிளைகளின் அமைப்பு ஆளுக்கு ஆள் மாறும். எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. வடிவின் நரம்பு வழக்கமான அமைப்பில் இல்லை. இதற்கு நான் பொறுப்பில்லை.

ஜூன் 2

கண் மூடுகிறாள். நெற்றி சுருங்குகிறது. இடது கன்னக் கிளை மட்டும் சோர்ந்திருக்கிறது, பேசும்போது அந்தப் பக்க உதட்டு ஓரம் அப்படியே கிடக்கிறது. "கொஞ்சம் இழுபட்டிருக்கு சார், அறுபடல, வந்துரும்" என்றான் செல்வின். எப்போது இழுபட்டது என்று கேட்டேன். தரையைப் பார்த்தான். இடுக்கியால் பிடித்தது அவன். நான் கையால் எதையும் தொடவில்லை.

ஜூன் 4

பார்க்க வந்த கூட்டம் ஆப்பிளும் ஹார்லிக்சும் அறிவுரையும் கொண்டுவந்தது. காந்திமதியின் கணவர், முகவாதத்துக்குப் புறா ரத்தம் தடவலாம் என்றார். இந்த மனிதர் வங்கியில் மேனேஜராக இருந்தவர்.

இவர்களுக்கெல்லாம் விஷயத்தைப் புரிய வைப்பது என் கடமை என்று தோன்றியது. வகுப்பில் காட்டுகிற மாதிரி, வடிவின் இடது கன்னத்தில் என் உள்ளங்கையைக் காதோரமாக வைத்து ஐந்து விரலையும் விரித்தேன். கட்டைவிரல் நெற்றிப்பொட்டுக்கு, ஆள்காட்டி விரல் கண்ணுக்கு, நடுவிரல் கன்னத்துக்கு என்று ஒவ்வொரு கிளையாகச் சொன்னேன். "நான் மட்டும் அன்னைக்குப் பக்கத்துல நின்னு சொல்லலைன்னா இந்த நடுவிரல் கிளை போயிருக்கும்" என்றேன். ரத்த அழுத்தம் பார்க்க வந்த ஜெபமணி சிஸ்டர் (இந்த ஆஸ்பத்திரியில் தியேட்டருக்கும் வார்டுக்கும் அவள்தான்), பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தவள், நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து சுற்றினாள்.

வடிவு என் கையை எடுத்துப் போர்வைமேல் வைத்தாள். வலிக்குதா என்று கேட்டேன். "வலிக்கல. எல்லாரும் பாக்காங்க" என்றாள். பார்க்கத்தானே வந்திருக்கிறார்கள்.

ஜூன் 6

மருந்து வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது அறைக்குள் ஜெபமணி கட்டிலோரம் உட்கார்ந்து வடிவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து போய்விட்டாள். நர்சுகளுக்கு வம்பு பேச நேரம் நிறைய இருக்கிறது.

என்ன விஷயம் என்று கேட்டேன். வடிவு ரொம்ப நேரம் என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். இடது பக்கம் கிடந்தது, வலது ஓரம் மட்டும் கொஞ்சம் மேலே போனது. கன்னக் கிளைச் சோர்வுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

ஜூன் 12

வீடு. நான் செய்த ரசத்தைக் காந்திமதி குடித்துவிட்டு உப்பு டப்பாவைத் தேடினாள். வடிவு டம்ளரைச் சாய்த்துக் குடிக்கும்போது இடது ஓரம் ஒழுகுகிறது. துண்டை மடித்துத் தோளில் போட்டிருக்கிறாள்.

பயிற்சி எழுதிக் கொடுத்தேன். கண்ணாடி முன் நின்று புருவம் தூக்கு, கண்ணை இறுக்கு, கன்னத்தை ஊது, பல்லைக் காட்டு, சிரி. தினமும் நானே மேற்பார்வை செய்கிறேன். நான் பின்னால் நின்றால் நிறுத்திவிடுகிறாள். போனதும் செய்கிறாள் போலிருக்கிறது, கதவுக்கு வெளியே ஊதுகிற சத்தம் கேட்கிறது.

ஜூன் 24

ஒழுகுவது நின்றுவிட்டது. துண்டைத் துவைத்துப் பரணில் போட்டுவிட்டாள். காது மடல் மரத்துத்தான் இருக்கிறதாம். தோட்டைத் திருகிவிட்டு, மாட்டியிருக்கிறதா என்று கண்ணாடியில் பார்க்கிறாள்.

என்னைப் பார்த்துச் சிரிக்கும்போது இன்னும் ஒரு பக்கம்தான்.

ஜூலை 13

பரிசோதனைக்குப் போனோம். செல்வின், "சிரிங்கம்மா" என்றான். சிரித்தாள். நான் அவள் பின்னால் உட்கார்ந்திருந்தேன், முகம் தெரியவில்லை. "முழுசா வந்துட்டு சார். ரெண்டு பக்கமும் ஒரே அளவு. போன தடவை இவங்க தங்கச்சியோட வந்தப்பவே வந்துட்டு" என்றான்.

பொய். வீட்டில் தினமும் பார்க்கிறேன். காலை காப்பி கொடுக்கும்போது, நான் பேப்பரில் எதையாவது படித்துக் கருத்துச் சொல்லும்போது, வலது ஓரம் மட்டும் ஒரு சின்ன இழுப்பு. இடது கன்னக் கிளை வேலை செய்யவில்லை என்று சொன்னேன். செல்வின் வடிவைப் பார்த்தான். வடிவு மேஜைமேல் இருந்த காது மாடலைப் பார்த்தாள். "வேணும்னா நரம்பு டெஸ்ட் ஒண்ணு எடுத்துப் பாத்துரலாம் சார்" என்றான்.

தன் வேலையில் உள்ள குறையை ஒப்புக்கொள்ள ஒரு முதுகெலும்பு வேண்டும். இவனுக்கு அதன் நரம்புகளின் பெயர்கூடத் தெரியாது.

ஜூலை 20

நரம்பு டெஸ்ட். கோடு கோடாகக் காகிதம் கொடுத்தார்கள். இடது, வலது இரண்டும் சமம் என்று போட்டிருக்கிறது. மெஷின் பழையது.

ஆகஸ்ட் 26

காந்திமதி மகன் கல்யாணம். சாப்பாடு சுமார். சொதியில் தேங்காய்ப் பால் திரிந்திருந்தது. அதைச் சமையல்காரன் காதில் விழும்படியாகத்தான் சொன்னேன்.

வடிவு, காந்திமதி எடுத்துக் கொடுத்த பச்சைப் பட்டுப் புடவையைக் கட்டியிருந்தாள். தழும்பு காதுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. எல்லோரோடும் நின்று பேசிக்கொண்டிருந்தாள். செல்வினும் வந்திருந்தான், யார் கூப்பிட்டது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 28

காந்திமதி போட்டோக்களை அனுப்பியிருக்கிறாள். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். மணமக்களோடு, தங்கையோடு, செல்வினோடு, பந்தி பரிமாறியவனோடு. எல்லாவற்றிலும் வடிவு சிரிக்கிறாள். இடது ஓரமும் வலது ஓரமும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. இரண்டு கன்னத்திலும் மடிப்பு விழுந்திருக்கிறது. ஸ்கேல் வைத்தும் பார்த்தேன்.

ஒரே ஒரு போட்டோவில் நான் பக்கத்தில் நிற்கிறேன். அதில் மட்டும் வலது ஓரம்தான்.

கேமரா கோணமாக இருக்கலாம்.

ஆகஸ்ட் 30

இன்று சாயங்காலம் வடிவை ஜன்னல் வெளிச்சத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து முறையாகச் சோதித்தேன். மறுக்கவில்லை. புருவம் தூக்கினாள், சமம். கண்ணை இறுக்கினாள், என் விரலால் திறக்க முடியவில்லை. கன்னத்தை ஊதினாள், அழுத்தினால் காற்று போகவில்லை. பல்லைக் காட்டினாள், இரண்டு பக்கமும் சமம். செல்வின் சொன்னது சரிதான். இதை எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். அவன் ஒரு குறையும் வைக்கவில்லை.

எனக்கு மனசு லேசாக இருந்தது. இத்தனை மாதம் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. "பாத்தியா, ஒரு குறையும் இல்ல. நான் அன்னைக்கு அங்க நின்னதுனாலதான்" என்று தொடங்கினேன்.

"ஜெபமணி சிஸ்டர் சொன்னாங்க" என்றாள் வடிவு.

"என்ன சொன்னா?"

"வெட்டித் தள்ளுன்னு சொன்னீங்களாம்ல."

வெளிச்சம் போதாததைச் சொன்னேன். கண்ணாடி மூடிக்கொண்டதைச் சொன்னேன். உயிருள்ள உடம்பில் நரம்பின் நிறம் வேறாக இருக்கும் என்பதை, கிளைகள் ஆளுக்கு ஆள் மாறும் என்பதைச் சொன்னேன். அவள் குறுக்கே பேசவில்லை. காலண்டர் பின்னால் படம் போட்டபோது கேட்ட மாதிரியே கடைசி வரை கேட்டாள்.

"அந்தப் பையன் ஒருத்தர்ட்டயும் மூச்சு விடல. உங்களுக்குக் கொறச்சலாயிரும்னு. நீங்க வந்தவுக கிட்டயெல்லாம் என் கன்னத்துல கையை வச்சுக்கிட்டு அவனக் கொற சொல்லுதீங்க."

அவள் என்னைப் பார்த்தாள். வலது ஓரம் மேலே போனது.

பழக்க தோஷத்தில், "இடது பக்கத்தையும் தூக்கு" என்றேன்.

"அது நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கு இது போதும்."

எழுந்து நாற்காலியை இருந்த இடத்தில் போட்டுவிட்டு, இட்லிக்கு அரைக்கப் போய்விட்டாள். கோபமாகக்கூட இல்லை. கோபமாக இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

இதே சிரிப்பைத்தான் ஜூன் மாதத்திலிருந்து நரம்புச் சோர்வு என்று எழுதி வந்திருக்கிறேன். ஜூனில் இருந்துதானா, அதற்கு முன்னாலும் இருந்ததா என்று யோசித்தேன். தெரியவில்லை. அதற்கு முன்னால் அவள் முகத்தை நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை முதலாண்டுக்கு முகப் பாடம் தொடங்குகிறது. வேறு யாரையாவது எடுக்கச் சொல்ல வேண்டும். எந்தத் தசை, எந்தக் கிளை, எந்தத் துவாரம் வழியாக வருகிறது, எல்லாம் எனக்குத் தெரியும். காலையில் காப்பி கொண்டுவருவாள். அப்போது எங்கே பார்ப்பது என்றுதான் தெரியவில்லை.